சேரன்மகாதேவிப் பந்தியும் வேதக்கோயில் அசனமும்

சேரன்மகாதேவி என்றதும் கோயில் கோயிலாகப் போகிறவர்களுக்கு நவகைலாயத்தில் இரண்டாவதான அம்மைநாதர் கோயில் ஞாபகத்துக்கு வரும். வெளியூர்க்காரர்களுக்கு அது பத்தமடைப் பாய்க்குப் பேர்போன பத்தமடைக்கு அடுத்த ஊர். தமிழக அரசியல் வரலாறு படிக்கிறவர்களுக்கோ முதலில் ஞாபகம் வருவது ஒரு சாப்பாட்டுப் பந்தி.

கதை பலருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வ.வே.சு. ஐயர் 1922-ல் தொடங்கிய தமிழ்க் குருகுலம் சேரன்மகாதேவியில் நடந்தது. தேசியக் கல்வி, கைத்தொழில், உடற்பயிற்சி எல்லாம் சேர்ந்த ஒரு பெரிய கனவு அது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி 5,000 ரூபாய் கொடுத்திருந்தது. அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போடுகிறார்கள் என்று வெளியே தெரிந்ததும் பிரச்சினை வெடித்தது. பெற்றோர் கேட்டுக்கொண்டதால் செய்த ஏற்பாடு அது என்றார் ஐயர். வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ராமசாமியும் அதை ஏற்கவில்லை. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூன் மாதம், பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் அவரும் இறந்துபோனார். அதே வருஷம் நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அதற்கான காரணங்களில் இந்தப் பந்தியும் ஒன்று.

இதை இங்கே இழுப்பதற்குக் காரணம் இருக்கு. கிறிஸ்தவத்தில் மகிழ்ச்சி, கொண்டாட்டம் என்பதையெல்லாம் ஒரு ஆன்மிகப் பயிற்சியாகப் பார்க்கிற மரபைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். திருநெல்வேலிச் சீமையில் அந்த மரபைத் தேடிப் போனால், எந்தப் பக்கம் திரும்பினாலும் கடைசியில் ஒரு பந்தியில்தான் போய் நிற்கிறது. யார் சமைத்தது, யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தது என்ற அதே கேள்வி. குருகுலத்துக்கு நூறு வருஷம் முன்னாலேயே, இதே ஜில்லாவில், வேதக்காரர்கள் அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சந்தோஷப்படு என்று கட்டளையா?

ஆன்மிகப் பயிற்சி என்றால் பொதுவாக நமக்குத் தோன்றுவது உபவாசம், தியானம், முழங்கால் ஜெபம். கஷ்டப்பட்டால்தான் பயிற்சி. சந்தோஷம் தானாக வருவது, அதை எப்படிப் பழகுவது? அமெரிக்காவில் குவேக்கர் சபையைச் சேர்ந்த ரிச்சர்ட் ஃபாஸ்டர் 1978-ல் ‘செலிப்ரேஷன் ஆஃப் டிசிப்ளின்’ என்ற புத்தகம் எழுதினார். அதில் பன்னிரண்டு பயிற்சிகளை வரிசைப்படுத்துகிறார். தியானத்தில் தொடங்கி, ஜெபம், உபவாசம், எளிமை, தனிமை, சேவை என்று போய், பன்னிரண்டாவதாகக் கொண்டாட்டத்தை வைக்கிறார். இன்றைக்கு இதைப் பற்றிப் பேசுகிற பிரசங்கங்கள் பலவற்றுக்கு அந்தப் புத்தகம்தான் ஊற்று.

ஆனால் விஷயம் பழசு. பழைய ஏற்பாட்டில் உபாகமம் 14-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்க. விளைச்சலில் தசமபாகத்தை என்ன செய்யணும் என்று சொல்கிற இடம். தூரத்திலிருந்து வருகிறவன் அதைப் பணமாக்கிக்கொண்டு போய், ஆடோ மாடோ மனசுக்குப் பிடித்ததை வாங்கி, குடும்பத்தோடு கடவுள் முன்னால் சாப்பிட்டுச் சந்தோஷப்படணும் என்று சட்டமே போடுகிறது. இரண்டு அதிகாரம் தள்ளி, 16-ல், பண்டிகைகளைப் பற்றிச் சொல்லும்போது இன்னொரு முறை சந்தோஷப்படச் சொல்லிவிட்டு, கூடவே ஒரு பட்டியலும் கொடுக்கிறது. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, நிலமில்லாத லேவியன், பரதேசி, தகப்பனில்லாத பிள்ளை, விதவை. இவ்வளவு பேரும் கூட இருக்கணும்.

அந்தப் பட்டியல்தான் என்னை நிறுத்தியது. மனசுக்குள் என்ன உணரணும் என்று அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. யார் யார் பந்தியில் இருக்கணும் என்பது மட்டும் விவரமாக இருக்கு. அதாவது சந்தோஷம் ஒரு ஏற்பாடு. ஆள் கூப்பிடணும், சமைக்கணும், இடம் போடணும்.

நெகேமியா 8-ம் அதிகாரத்திலும் இதே கதை. சிறையிருப்பிலிருந்து திரும்பிய ஜனங்கள் நியாயப்பிரமாணம் வாசிக்கக் கேட்டு அழுகிறார்கள். அழாதீங்க, போய்க் கொழுமையானதைச் சாப்பிடுங்க, ஒன்றும் ஆயத்தம் செய்ய முடியாதவங்களுக்குப் பங்கு அனுப்புங்க என்று சொல்லி அனுப்புகிறார்கள். புதிய ஏற்பாட்டில் கொரிந்து சபையில் இது தலைகீழாகப் போகிறது. வசதிக்காரர்கள் முன்னாடியே வந்து சாப்பிட்டு முடித்துவிட, வேலை முடிந்து பிந்தி வருகிற ஏழை பசியோடு நிற்கிறான். பவுல் அதைக் கடுமையாகக் கண்டித்து, ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருங்க என்று எழுதுகிறார். திருவிருந்து பற்றிய மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று, இப்படி ஒரு பந்திச் சண்டையில் பிறந்தது.

கொடையை விட்டுவிட்டு வந்தவர்கள்

இப்போ திருநெல்வேலிக்கு வருவோம். பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மாள் 1778-ல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். (இந்தப் பக்கம் சி.எஸ்.ஐ. குருமாரை ‘ஐயர்’ என்றுதான் சொல்வார்கள். சுவார்ட்ஸ் ஐயர், ரேனியஸ் ஐயர், கால்டுவெல் ஐயர். வ.வே.சு. ஐயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 1780-ல் சபைப் பதிவேடு தொடங்குகிறது. 1799-ல் முதலூர் உருவாகிறது. வேதத்தில் சேர்ந்ததால் சொந்த ஊரில் இருக்க முடியாதவர்களுக்கு நிலம் வாங்கி அமைத்த முதல் ஊர், அதனால் அந்தப் பெயர். அப்புறம் நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம், டோனாவூர் என்று வரிசையாக ஊர்கள். ஆனந்தபுரம் என்றுகூட ஒரு ஊருக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 1820-லிருந்து பாளையங்கோட்டையில் இருந்த ரேனியஸ், இப்படி நிலம் வாங்குவதற்கென்றே 1830-ல் தர்ம சங்கம் ஏற்படுத்தினார்.

இந்த ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் தேரிக்காட்டிலும் பனங்காட்டிலும் உழைத்தவர்கள். வேதத்துக்கு வந்தபோது அவர்கள் விட்டுவிட்டு வந்தவற்றில் ஒன்றைப் பற்றி மிஷன் அறிக்கைகள் வெற்றியாக மட்டுமே பேசும். அதுதான் கொடை. வருஷத்துக்கு ஒரு தடவை சுடலைமாடனுக்கோ அம்மனுக்கோ எடுக்கிற கொடை. மேளம், வில்லுப்பாட்டு, சாமியாட்டம், கிடாவெட்டு, விடிய விடிய ஊரே விழித்திருப்பது, கடைசியில் எல்லாருக்கும் சோறும் கறியும். கால்டுவெல் 1849-ல் எழுதிய சிறுநூலில் இதையெல்லாம் பேய் வழிபாடு என்றே விவரிக்கிறார். அவர் பார்த்தது பயமும் வெறியும். ஆனால் ஒரு பனையேறியின் வருஷத்தில் வயிறு நிறையக் கறிச்சோறு கிடைக்கிற நாளும், கவலை இல்லாமல் சத்தம் போட்டுச் சிரிக்கிற நாளும் அதுதான் இல்லையா? மதம் மாறினவன் சாமியை மட்டும் விடவில்லை, அந்த நாளையும் சேர்த்துத்தான் விட்டான்.

அந்த இடத்தில் மிஷன் கொடுத்தது ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, பள்ளிக்கூடம், பிரசங்கம். எல்லாம் நல்லதுதான். ஆனால் காலியான அந்த நாளை நிரப்ப அது போதாது. அதை ஜனங்களே நிரப்பிக்கொண்டார்கள் என்பதுதான் என் வாசிப்பு. அப்படி வந்ததுதான் அசனம்.

அசனம் எப்படி நடக்குது

அசனம் என்றால் சாப்பாடு, அவ்வளவுதான். வடமொழிச் சொல். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் அது ஒரு பண்டிகையின் பெயராகிவிட்டது. கோயில் பிரதிஷ்டை நாளை ஒட்டி ‘பிரதிஷ்டைப் பண்டிகை, அசனப் பண்டிகை’ என்று நோட்டீஸ் அடிப்பார்கள். கத்தோலிக்கர்களிடமும் இது உண்டு. அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டு அசனம் கொடுப்பது அவர்களிடம் பரவலான வழக்கம்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் காசு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். அது போக நேர்ச்சை. பிள்ளை பிறந்தது, வேலை கிடைத்தது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ஒருத்தர் ஆடு கொடுப்பார், ஒருத்தர் அரிசி மூட்டை இறக்குவார். ஒன்றும் முடியாதவர் ஒரு தேங்காயோ பூசணிக்காயோ கொண்டுவருவார். அதை ஏலம் விடுவார்கள். ஏலம் தனி வேடிக்கை. பத்து ரூபாய்ப் பூசணி இரண்டாயிரத்துக்குப் போகும். எடுத்தவரே அதைத் திருப்பிக் கொடுத்து இன்னொரு தடவை ஏலம் போடச் சொல்வார். அறுப்பின் பண்டிகையிலும் இதே ஏலம் உண்டு. இன்னொரு பக்கம், வருஷம் முழுக்கப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைக்கிற கைப்பிடி அரிசிக் காணிக்கை. ஒரு வேளைக்கு ஒரு பிடி என்றால் ஒன்றும் தெரியாது. ஊர் முழுக்கச் சேர்ந்தால் மூட்டைக் கணக்கு.

அப்புறம் வேலை. முதல் நாள் ராத்திரியே பெண்கள் உட்கார்ந்து காய் நறுக்க, வெங்காயம் உரிக்க ஆரம்பிப்பார்கள். ஆண்கள் வரிசையாக அடுப்பு வெட்டி அண்டா ஏற்றுவார்கள். வடித்த சோற்றைப் பாயில் குவிப்பார்கள். வெள்ளைவெளேர் என்று ஆள் உயரத்துக்கு ஒரு குவியல், ஆவி பறக்கும். ஐயர் வந்து ஜெபம் பண்ணிய பிறகுதான் முதல் பந்தி. சோறு, கறிக்குழம்பு, ரசம். மெனுவில் பெரிய ஆடம்பரம் கிடையாது, அளவில்தான் எல்லாம். பம்பாய்த் தாராவியிலிருந்தும் சென்னையிலிருந்தும் லீவு போட்டு வந்தவர்கள் பனியனோடு நின்று வாளி தூக்கிப் பரிமாறுவார்கள். ஊரில் உள்ள இந்துக்களும் முஸ்லிம்களும் வருவார்கள். கடைசியில் தூக்குவாளி. வர முடியாத கிழவிக்கும் படுக்கையில் கிடக்கிறவருக்கும் வீட்டுக்கு எடுத்துப் போவது. நெகேமியா சொன்ன பங்கு அனுப்புதல், எவர்சில்வர் தூக்குவாளியில்.

இதில் கொடையின் சாயல் இருப்பதைப் பார்க்காமல் இருக்க முடியாது. தலைக்கட்டு வரி, நேர்ச்சைக் கிடா, ஊர்ச்சோறு எல்லாம் அங்கிருந்து வந்தவை மாதிரிதான் தெரிகிறது. ஆனால் ஒரு வித்தியாசம். கொடைச் சோறு முதலில் சாமிக்குப் படைக்கப்பட்டது. அசனத்தில் படையல் இல்லை. நன்றி சொல்லிவிட்டு நேராக மனுஷனுக்குப் போகிறது. எல்லாரும் சாப்பிடுவதே அங்கே வழிபாடு.

பூவும் பாட்டும் சாதியும்

இதுவரை படித்தால் எல்லாம் இனிப்பாக இருக்கும். கசப்பான பகுதி இனிமேல்தான்.

திருநெல்வேலியில் 1774-ல் பிறந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். சிறுவனாக இருந்தபோதே சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்துக்கொண்டு போனார். பெத்லகேம் குறவஞ்சி எழுதியவர். தமிழ்ப் புராட்டஸ்டண்டு சபைகளில் இன்றைக்கும் பாடுகிற கீர்த்தனைகள் பலவற்றின் ஆசிரியர். 1853-ல் அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது சாஸ்திரியாரின் பாடல்கள்தான் அதற்கு முதுகெலும்பு. ஜெர்மன் ராகத்தில் தமிழ் வார்த்தையைத் திணித்துப் பாடிக்கொண்டிருந்த சபைக்குச் சொந்தக் குரலில் சந்தோஷப்படக் கற்றுக்கொடுத்தவர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

1820-களின் கடைசியில் புதிதாக வந்த மிஷனரிகளோடு அவருக்குப் பெரிய மோதல். அவர்கள் செய்கிற கொடுமைகள் என்று நான்கை எழுதிவைத்தார். ஒன்று, வேதப்புத்தகத்தின் பழைய மொழிபெயர்ப்பைக் கலைத்து மாற்றுவது. இரண்டு, திருவிருந்தில் சாதிகளைக் கலந்து ஒன்றாக்க வற்புறுத்துவது. மூன்று, கல்யாணத்திலும் சாவிலும் பூ கூடாது என்பது. நான்கு, ஆராதனையிலிருந்து தமிழ்ப் பாட்டை நீக்குவது.

இந்தப் பட்டியலைப் படிக்கிறபோது மனசு இரண்டாகப் பிளக்கும். பூவுக்காகவும் பாட்டுக்காகவும் அவர் போராடியதைப் பார்த்து எழுந்து நின்று கைதட்டத் தோன்றும். கல்யாணத்தில் பூ வைக்காதே என்று சொல்கிற மதம் யாருக்கு வேண்டும்? ஆனால் அதே மூச்சில், திருவிருந்தில் சாதியை ஒழிக்கச் சொல்வதையும் கொடுமை என்கிறார். அவருக்கு இவை நான்கும் ஒரே விஷயம், நம்ம வழக்கம். பூ நம்ம வழக்கம், பாட்டு நம்ம வழக்கம், சாதிப்படி இடம் விட்டு உட்காருவதும் நம்ம வழக்கம். வேளாளர் வீட்டில் பிறந்த சாஸ்திரியாருக்கு அந்தக் கோட்டுக்கு மறுபக்கத்தில் இருப்பவனின் கண்ணிலிருந்து இது தெரியவில்லை.

எதிர்ப்பக்கமும் அதே தப்பை வேறு விதமாகச் செய்தது. சாதி தப்பு என்று சரியாகக் கண்டுகொண்டவர்கள், பூவையும் பாட்டையும் சேர்த்தே வீசப் பார்த்தார்கள். ஒருவர் சந்தோஷத்தோடு சாதியைக் காப்பாற்றினார். மற்றவர்கள் சாதியோடு சந்தோஷத்தையும் துரத்தினார்கள்.

பரீட்சையாகிப்போன விருந்து

பாளையங்கோட்டையில் ரேனியஸ் செமினரி தொடங்கியபோதே இந்தச் சிக்கல் வந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்றார். மேல்சாதி என்று தங்களைக் கருதியவர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. ரேனியஸ் இறங்கிப் போகவில்லை. அந்த இடத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் தூரம் சுமார் 20 கிலோமீட்டர். காலம் நூறு வருஷ இடைவெளி. கேள்வி ஒன்றுதான்: விடுதியில் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது?

1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டார். சாதி வேறுபாடு சபைக்குள் உடனே, முழுசாக, நிரந்தரமாக ஒழியணும் என்பது அதன் சாரம். அடுத்த இருபது வருஷத்தில் மிஷனரிகள் இதைச் சோதிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அதற்கு அவர்கள் எடுத்த பெயர், ஆதிச் சபையிலிருந்து வந்த ‘அன்பின் விருந்து’. கீழ்ச்சாதி என்று சொல்லப்பட்டவரைச் சமைக்கச் சொல்லி, உபதேசிமாரையும் சபையாரையும் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். சாப்பிட்டால் தேர்ச்சி. மறுத்தால் சாதியை விடாதவன் என்று அர்த்தம். 1847-ல் அமெரிக்க மதுரை மிஷனில் இப்படி மறுத்த உபதேசிமார் பலர் வேலையை இழந்தார்கள். 1850-ல் சென்னையில் கூடிய மிஷனரிகள் மாநாடு, எந்தச் சாதிக்காரர் சமைத்ததையும் தக்க சமயத்தில் சாப்பிட்டுக் காட்டாதவரைச் சபையில் சேர்க்கக்கூடாது என்று தீர்மானித்தது. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் இதில் சேரவில்லை. சாதி மெதுவாகத்தான் கரையும், கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அவர்கள் நிலை.

அந்த விருந்துகளைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. ஒரு பக்கம் கண்காணிக்கிற துரை. எதிரில் வேலை போய்விடுமோ என்று விழுங்குகிறவர்கள். சமைத்தவர் ஓரமாக நிற்கிறார். தன் கையால் ஆக்கிய சோற்றை ஒருத்தர் முகம் சுளித்து வாயில் வைப்பதையும் இன்னொருத்தர் எழுந்து போவதையும் அவர் பார்க்கணும். அவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? அன்று அவர் ஒரு விருந்தாளி இல்லை, மற்றவர்களைச் சோதிக்கிற கருவி. அன்பின் விருந்து என்ற பெயரில் அன்பும் இல்லை, விருந்தும் இல்லை.

ஆனாலும் மிஷனரிகளைக் கேலி செய்துவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. கட்டாயப்படுத்தாமல் விட்டிருந்தால் தானாக உட்கார்ந்திருப்பார்களா? காத்திருந்த இடங்களில் என்ன நடந்தது என்பதற்கு வடக்கன்குளம் சாட்சி. அங்கே 1872-ல் கட்டிய கத்தோலிக்கக் கோயில், வேளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம் என்று, நடுவில் சுவர் வைத்து இரண்டு கால் மாதிரிப் பிரிந்து நின்றது. கால்சட்டைக் கோயில் என்றே பெயர். பீடம் மட்டும் ஒன்று. அந்தச் சுவர் இடிபட 1910 ஆனது, அதுவும் கோர்ட் கேஸ்களோடு. வ.வே.சு. ஐயரும் ஒரு விதத்தில் காத்திருக்கச் சொன்னவர்தான். அவர் சாதிவெறியர் இல்லை. மனசு மாறும்வரை பெற்றோரைப் புண்படுத்த வேண்டாம் என்று நினைத்தார். ஆனால் அந்தக் காத்திருப்பின் விலையைக் கொடுத்தவர்கள் பெரியவர்கள் இல்லை, தனிப்பந்தியை எட்ட நின்று பார்த்த பிள்ளைகள்.

பட்டியலும் வேணும், சந்தோஷமும் வேணும்

உபாகமம் இரண்டையும் சேர்த்தே கேட்கிறது. சந்தோஷப்படு, இது கட்டளை. இன்னின்னார் கூட இருக்கணும், இதுவும் கட்டளை. சாஸ்திரியார் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டார், 1850-ன் மிஷனரிகள் இரண்டாம் பாதியை. பயிற்சி என்று சொல்வதற்கு அர்த்தமே இங்கேதான் இருக்குன்னு எனக்குத் தோணுது. மனசு மாறின பிறகு பந்தியில் உட்காரலாம் என்றால் யாரும் உட்காரப் போவதில்லை. உட்காரவைத்து மிரட்டினாலும் மாறப் போவதில்லை. வருஷா வருஷம், வெங்காயம் உரிக்கிற இடத்தில் ஆரம்பித்து, சேர்ந்து செய்து செய்து பழகுகிற ஒன்றாக அது இருக்கணும்.

அசனத்தில் அதற்கான எல்லா உறுப்பும் இருக்கு. எந்தத் துரையும் கண்காணிக்காத, ஜனங்கள் தாங்களே உண்டாக்கிய பந்தி அது. 1840-களில் விபூதி சங்கத்தார் வேதக்கோயில்களையும் வீடுகளையும் தாக்கிய காலத்தைத் தாண்டியவர்கள் இவர்கள். 1876-78 தாதுவருஷப் பஞ்சத்தில் ஊர் ஊராகச் செத்தார்கள். அது முடிந்த சூட்டோடு 1880-ல் திருநெல்வேலிச் சபை தன் நூற்றாண்டைக் கொண்டாடியது. பாளையங்கோட்டை நூற்றாண்டு மண்டபம் என்ற பெயர் அதன் ஞாபகம்தான். பஞ்சத்தின் கடைசி வரிசையில் நின்றவர்களுக்கு, இரண்டு வருஷம் கழித்து ஸ்தோத்திரம் என்ற வார்த்தை வாயில் வந்தது சும்மா இல்லை. வயிறு காய்ந்த ஜனம்தான் ஆள் உயரத்துக்குச் சோறு குவிப்பதைப் பக்தி என்று புரிந்துகொள்ளும்.

ஆனால் குறையையும் சொல்லணும். மிஷன் ஊர்கள் பெரும்பாலும் ஒரே சாதிக்காரர்கள் நிறைந்த ஊர்களாக அமைந்தன. ஊருக்குள் ‘எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்டோம்’ என்பது, சொந்தக்காரர்கள் ஒன்றாகச் சாப்பிட்டதாகவே பல இடங்களில் முடிந்துவிடுகிறது. பக்கத்துக் குடியிருப்பில் தலித் கிறிஸ்தவர்களுக்கு வேறு கோயில், வேறு அசனம், சில இடங்களில் வேறு கல்லறைத் தோட்டம். திருமண்டலத் தேர்தல் வந்தால் சாதிக் கணக்கு வெளிப்படையாகவே ஓடும். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, பல நூற்றாண்டுகளாகப் பிரிந்திருந்த ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன் சபைகள் ஒரே திருவிருந்துக்கு வந்தன. உலகமே அதை ஆச்சரியமாகப் பார்த்தது. அந்த இணைப்பை விட, பக்கத்துத் தெரு அசனத்துக்குப் போய் அங்கே பரிமாற நிற்பது இன்றைக்கும் கஷ்டமாக இருக்கு.

இது அசனத்தைக் குறைத்துப் பேசுவதற்கு இல்லை. அதன் அளவுகோல் அதற்குள்ளேயே இருக்கு என்பதற்காகச் சொல்கிறேன். ஒரு அசனம் நல்லா நடந்ததா என்று ஊரில் கேட்டால் இப்போது வருகிற பதில்: எத்தனை கோட்டை அரிசி, எத்தனை ஆடு, எத்தனை பந்தி. உபாகமத்தின் கணக்குப்படி கேட்கவேண்டியவை வேறு. அகப்பை யார் கையில் இருந்தது? முதல் பந்தியில் உட்கார்ந்தது யார்? கடைசிப் பந்திக்காரனுக்குக் கறி மிச்சம் இருந்ததா? தூக்குவாளி எந்தத் தெரு வரைக்கும் போனது? பட்டியலில் உள்ள விதவை, பரதேசி, வேலைக்காரி எங்கே உட்கார்ந்தார்கள்?

பிரதிஷ்டை நோட்டீஸ்களில் ‘சபையார் அனைவரும் வருக’ என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். அந்த ‘அனைவரும்’ எவ்வளவு தூரம் நீளுதோ, அந்த ஊரின் சந்தோஷம் அவ்வளவுதான்.